பெருக்கல் குறி போட்ட பதினெட்டுப் பேர்

அத்தியாயம் 12

சின்னக்கருப்புக்குத் தும்மல் நின்றுபோன கதையைக் கேட்காத ஆள் கூடலூரில் இல்லை. எல்லாரிடமும் அவரே சொல்லி முடித்திருந்தார்.

பதினைந்து வருஷமாக, விடிந்ததும் நாற்பது தும்மல் அடுக்கடுக்காகப் போடுகிற மனிதர் அவர். திராட்சைப் பந்தலுக்குள் போனால் மூக்கு ஒழுகும், கண் சிவக்கும். ஆடிக்காற்று கிளம்பிவிட்டால் ராத்தூக்கமும் போச்சு. மகள் கயல் அரை மார்க்கில் எம்.பி.பி.எஸ். இடத்தைக் கோட்டைவிட்டு ஹோமியோபதி படித்ததில் அவருக்கு இருந்த மனக்குறை ஏழு வருஷம் நீடித்தது. மகள் என்ன படித்திருக்கிறாள் என்று யாராவது கேட்டால், "மேல படிச்சிருக்கு" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அந்த மனிதர்தான் போன ஆடியில் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறி, மகளின் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு, ஏழாவது ஆளாக உட்கார்ந்திருந்தார். கயல் அவரிடம் மற்ற நோயாளிகளைக் கேட்கிற அதே கேள்விகளைக் கேட்டாள். மூன்று வாரத்துக்குச் சீனி உருண்டை கொடுத்தாள். ஆவணி பிறந்தபோது நாற்பது தும்மல் ஐந்தாகியிருந்தது.

அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "எல்லாம் வெங்காயம்தான்யா" என்று ஆரம்பிப்பார். வெங்காயம் நறுக்கினால் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வருகிறதல்லவா, அந்த வெங்காயச் சாற்றையே மிக மிகக் குறைந்த அளவில் மருந்தாக்கிக் கொடுத்தால் அதே தொந்தரவு நிற்கும் என்பதுதான் அந்த வைத்தியத்தின் கணக்கு என்று, மகள் சொன்னதை அப்படியே ஒப்பிப்பார். அல்லியம் சீபா என்ற மருந்துப் பெயரையும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்.

கயல் தன் நோயாளிகள் அறுபத்து நாலு பேருடைய தும்மலையும் மூக்கொழுகலையும் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தேனியில் நடக்கும் ஹோமியோபதி மருத்துவர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச அழைத்து போன வாரம் கடிதம் வந்தது. சின்னக்கருப்பு வேன் பிடித்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் நாகராஜும் அவர் மகன் விஜயபாண்டியும் உண்டு. தேனியில் ஹோமியோபதி மருந்து மொத்தக்கடை வைத்திருப்பவர் நாகராஜ். கயலைப் பெண் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லி, தட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நிச்சயதார்த்தம்தான் பாக்கி.

அப்படியாக அந்தப் புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

கயல் முதல் பஸ்ஸுக்கே கிளம்பி கிளினிக்குக்கு வந்துவிட்டாள். பதிவேட்டையும் சார்ட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் வரும் வேனில் ஏறிக்கொள்ளலாம். கதவைத் திறக்கும்போதே வாசல் படியில் சகாயராணி உட்கார்ந்திருந்தாள்.

சகாயராணி ராயப்பன்பட்டிக்காரி. நாற்பது வயது தாண்டியவள். இரண்டு வருஷமாக இந்தக் கிளினிக்கில் மருந்து கட்டிக் கொடுப்பவள் அவள்தான். மாதா கோவிலில் முதல் பூசைக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள். முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

"என்ன ராணியக்கா, இன்னைக்கு லீவுன்னு சொன்னேன்ல?"

"டாக்டரம்மா, நீங்க மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

அவள் சொன்னது இதுதான். ஆடி மாதம் இரண்டாவது வாரம், அலமாரியைத் துடைக்கும்போது வெங்காயச் சொட்டு பாட்டில் கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. அன்றைக்கே தேனிக் கடைக்குப் போன் பண்ணினாள். கல்கத்தாவிலிருந்து சரக்கு வரவில்லை, இரண்டு நாள் பொறு என்றார்கள். வெளியே காத்திருக்கும் கூட்டமோ தும்மிக்கொண்டிருந்தது. பயத்தில், காலி பாட்டில் ஒன்றில் வெறும் ஸ்பிரிட்டை ஊற்றி அதே இடத்தில் வைத்தாள். சீனி உருண்டைகளின் மேல் மருந்துக்குப் பதிலாக அந்த ஸ்பிரிட்டை விட்டுக் கொடுத்தாள். இரண்டு நாள் என்றது மூன்று வாரமாகிவிட்டது. புது பாட்டில் வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். சொல்ல வாய் வரவில்லை.

கயல் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"எத்தன பேருக்கு?"

"பதினெட்டுப் பேருக்கு."

"யார் யாருன்னு இப்ப எப்படித் தெரியும்?"

சகாயராணி பதிவேட்டைப் பிரித்தாள். ஓரத்தில், பெயருக்கு நேராக, பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. ஒவ்வொரு தடவை வெறும் உருண்டை கொடுக்கும்போதும் அவளே போட்டு வைத்தது. பின்னால் யாராவது கேட்டால் மறைக்கக் கூடாது என்றுதான் போட்டாளாம். ஆனால் யாரும் கேட்கவில்லை.

கயலுக்கு முதலில் வந்தது கோபம். தன் இரண்டு வருஷ உழைப்பை இவள் ஒரு ஸ்பிரிட் பாட்டிலால் கழுவிவிட்டாள் என்ற கோபம். நோயாளிகளை ஏமாற்றியிருக்கிறீர்களே என்று கேட்டாள். குரல் உயரவில்லை, ஆனால் சகாயராணி அடி வாங்கியவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முப்பத்து நாலாவது பெயரில் விரல் நின்றது.

சின்னக்கருப்பு, வயது 58, கூடலூர். ஓரத்தில் பெருக்கல் குறி.

குறியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணக்குப் பண்ண ஆரம்பித்தாள். மருந்து போனது நாற்பத்தாறு பேருக்கு. மூன்று வாரம் கழித்து அவர்களில் முப்பத்தொரு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். வெறும் உருண்டை போனது பதினெட்டுப் பேருக்கு. அவர்களில் தேறியவர்கள் பன்னிரண்டு.

இரண்டு பக்கமும் மூன்றுக்கு இரண்டு. திரும்பவும் கூட்டிப் பார்த்தாள். மாறவில்லை.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

"டாக்டரம்மா, அந்தப் பதினெட்டப் பத்திப் பேசவேணாம். மத்தவகள மட்டும் சொல்லுங்க. முப்பத்தொரு பேரு தேறுனது நெசந்தான?" என்றாள் சகாயராணி.

அது முடியும் என்பது கயலுக்கும் தெரிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு ரப்பர் போதும், பென்சில் குறிகள் போய்விடும்.

"ஒரு பக்கத்த மட்டும் சொன்னா அதுவும் பொய்தான்க்கா" என்றாள். பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "நீங்களும் வண்டியில ஏறுங்க."

"நானா? எதுக்கு?"

"குறி போட்டது நீங்க. நீங்க இல்லாம எப்படி?"

வேனில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். சின்னக்கருப்பு முன்சீட்டில், புது வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. கயலின் அம்மா சோணையம்மாள் மடியில் ஒரு பந்து மல்லிகைப்பூ வைத்திருந்தாள். மகள் ஏறியதும் இழுத்து உட்காரவைத்துத் தலையில் பாதியை வைத்துவிட்டாள். சகாயராணி கடைசி சீட்டில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

சின்னமனூர் தாண்டும்வரை சின்னக்கருப்பின் பேச்சு நிற்கவில்லை. கூட்டத்தில் யாராவது சந்தேகப்பட்டால் தானே எழுந்து சாட்சி சொல்லப் போவதாக டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நாற்பது தும்மல், இப்போது ஐந்து, அதுவும் சின்னச் சின்னது.

கயல் இரண்டு தடவை "அப்பா" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவையும் அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளே போய்விட்டது. ஏழு வருஷமாகத் தன்னைப் பார்த்து அப்படி ஒரு முகம் மலர்ந்ததில்லை.

வீரபாண்டி வந்தபோது அம்மாவின் காதில் மட்டும் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா பெயருக்கு நேராகக் குறி இருப்பதையும் சொன்னாள்.

சோணையம்மாள் ஆற்றுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நிச்சயம் முடியிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? சம்பந்தி வீட்டாளுக முன்னாடியே இருப்பாகளேடி."

"அவுக கடை மருந்துதான்மா அது. அவுகளுக்குத்தான் மொதல்ல தெரியணும்."

"உங்கப்பாவுக்கு?"

கயல் முன்சீட்டில் இருந்த அப்பாவின் முதுகைப் பார்த்தாள். சோணையம்மாள் பெருமூச்சு விட்டு, மகளின் தலையில் சரிந்திருந்த பூவை நேராக்கினாள். உனக்குச் சரி என்று பட்டதைச் செய் என்று மட்டும் சொன்னாள்.

தேனியில் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். டாக்டர்களும் அவர்கள் குடும்பமுமாக நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வாசலில் நாகராஜ் நின்று வரவேற்றார். மத்தியானச் சாப்பாடு அவர் செலவு. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு வழவழப்பான நோட்டீஸ் கிடந்தது. கயல் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

பெண் பார்க்க வந்தபோது கொடுத்த அவளுடைய போட்டோ. பக்கத்தில் வெங்காயப் படம். கீழே, 'அடுக்குத் தும்மலுக்கு முற்றுப்புள்ளி. அறுபத்து நாலு பேரிடம் நிரூபிக்கப்பட்டது. டாக்டர் கயலின் கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில். அதற்கும் கீழே நாகராஜ் கடை விலாசம்.

சின்னக்கருப்பு ஐந்தாறு நோட்டீஸை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கயல் நாகராஜிடம் போனாள். தான் எந்த இடத்திலும் நிரூபித்ததாகச் சொல்லவில்லை என்றும், காலையில் ஒரு விஷயம் தெரியவந்திருப்பதாகவும், அதைத்தான் மேடையில் பேசப் போவதாகவும் சொன்னாள். ஸ்பிரிட் பாட்டில் விவரத்தையும் சுருக்கமாகச் சொன்னாள். நாகராஜ் கோபப்படவில்லை. சிரித்தார்.

"சின்ன விஷயம்மா. எழுதி வச்சதப் படிச்சிட்டு எறங்கு. மத்தத வீட்டாளுகளா உக்காந்து பேசிக்கிருவோம். நாளைக்கி நீ எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு, இல்லையா?"

சற்றுத் தள்ளி விஜயபாண்டி நின்றிருந்தான். மருந்தியல் படித்துவிட்டு அப்பா கடையைப் பார்த்துக்கொள்கிறவன். பெண் பார்க்க வந்த அன்று அவன் பேசியது மொத்தம் நாலு வார்த்தை. இப்போதும் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த நோட்டீஸையும் கயலையும் மாறி மாறிப் பார்த்தான்.

தலைவர் டாக்டர் சுயம்புலிங்கம், வயதானவர், கயலின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

எழுதி வைத்திருந்த பத்துப் பக்கத்தை அவள் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். மைக்கின் முன்னால் அதைப் பிரித்து வைத்தாள். முன்வரிசையில் அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

நோயாளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தாள், என்னென்ன கேட்டு எழுதினாள் என்று ஆரம்பித்தாள். பிறகு, உடைந்த பாட்டிலைப் பற்றிச் சொன்னாள். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. நாற்பத்தாறு பேர், பதினெட்டுப் பேர், இரண்டு பக்கமும் மூன்றுக்கு இரண்டு என்று கணக்கைச் சொல்லி முடித்தபோது, சலசலப்பும் அடங்கிவிட்டது.

"நான் வெங்காய மருந்தாலதான் இவங்களுக்குக் கொணமாச்சுன்னு நெனச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில ஏழு மணி வரைக்கும் நெனச்சிருந்தேன். இப்ப அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்ல."

காற்று அடங்கியதால் தேறியிருக்கலாம் என்றாள். தும்மல் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் டாக்டரிடம் வருகிறார்கள், உச்சத்துக்குப் பிறகு தானாக இறங்குவதும் உண்டு. பந்தலுக்கு மருந்தடிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டச் சொன்னதும், உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னதும், படுக்கையை வெயிலில் போடச் சொன்னதும் கூட வேலை செய்திருக்கலாம். எது என்று தெரியவில்லை. பதினெட்டுப் பேர் வீட்டுக்கும் தானே போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னாள். நாற்காலிகளில் கிடக்கும் நோட்டீஸில் இருப்பது தன் வார்த்தை இல்லை என்றும் சொன்னாள்.

"இந்தக் குறிகளப் போட்டது எங்க கிளினிக்குல மருந்து கட்டுற சகாயராணி அக்கா. அவங்க செஞ்சது தப்பு. ஆனா குறி போடாம விட்டிருந்தா, நான் இன்னைக்கு உங்க முன்னாடி நின்னு பொய் சொல்லியிருப்பேன், பொய்யின்னு தெரியாமலே."

கடைசி வரிசையில் சகாயராணி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். போடியில் ரொம்ப நாளாக வைத்தியம் பார்க்கிறவர். வெளியே நம்மைக் கேலி பேச ஆயிரம் பேர் இருக்கும்போது, நம் மேடையிலேயே நம் பிள்ளை ஏறி நின்று இப்படிப் பேசலாமா, அந்தப் பதினெட்டை விட்டுவிட்டால் என்ன என்று கேட்டார். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

கயல் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முன்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சின்னக்கருப்பு எழுந்துவிட்டிருந்தார்.

சோணையம்மாள் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் கவனிக்கவில்லை.

"கயலு, நான் அந்தப் பதினெட்டுல உண்டா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கயல் பதிவேட்டை மூடினாள். மைக்கிலிருந்து கொஞ்சம் விலகிக்கொண்டு சொன்னாள்.

"உண்டுப்பா."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சின்னக்கருப்பு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்த நோட்டீஸ்களை வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கயலுக்கு அந்தக் கொஞ்ச நேரம் பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்கு மாதிரி இருந்தது. அன்றைக்கும் அவர் இப்படித்தான் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

பிறகு அவர் போடிக்காரர் பக்கம் திரும்பினார்.

"அய்யா, நான் கூடலூர்ச் சம்சாரி. திராட்ச போட்டிருக்கேன். கம்பெனிக்காரன் புது மருந்து கொண்டாந்தான்னா நான் பந்தல் முச்சூடும் அடிக்க மாட்டேன். ரெண்டு வரிசைக்கி வெறுந்தண்ணி அடிப்பேன். ஆளுககிட்டயும் சொல்ல மாட்டேன், எது தண்ணி எது மருந்துன்னு. பத்து நாள் கழிச்சிப் பாப்பேன். தண்ணி அடிச்ச கொடியும் சேந்து தேறிருச்சுன்னா, தேத்துனது மருந்தில்ல, பருவம்."

யாரும் சிரிக்கவில்லை.

"அந்த ரெண்டு வரிச இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அத விட்டுட்டுக் கணக்குச் சொல்லுங்கிறீக. விட்டுட்டா என்ன கணக்கு அது?"

போடிக்காரர் உட்கார்ந்தார். சின்னக்கருப்பு இன்னும் உட்காரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் தும்மல் நின்னது நெசம். எதுனால நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. எம் மகளுக்கும் தெரியல. தெரியலேன்னு நூறு பேரு முன்னாடி, பெத்த அப்பன உக்கார வச்சிக்கிட்டு, கட்டிக்கப் போறவக வீட்ட உக்கார வச்சிக்கிட்டுச் சொல்லுச்சு பாருங்க. எனக்கு அது போதும்."

அவர் உட்கார்ந்தார். கை தட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் மண்டபம் கொஞ்சம் தயங்கியது. மேடையிலிருந்த சுயம்புலிங்கம்தான் முதலில் தட்டினார். அப்புறம் பெண்கள் பக்கம். அப்புறம் பெரும்பாலோர். எல்லோரும் இல்லை. போடிக்காரரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று சுயம்புலிங்கம் கேட்டார். கயல் அதைக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். அடுத்த ஆடியில் திரும்பவும் செய்யப் போவதாகச் சொன்னாள். இந்தத் தடவை நோயாளிகளிடம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு. இரண்டு விதமான பாட்டில், ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் ஸ்பிரிட், மேலே எண் மட்டும் இருக்கும். எது எது என்று தனக்கும் தெரியக் கூடாது, சகாயராணி அக்காவுக்கும் தெரியக் கூடாது. வெளியாள் ஒருவரிடம் மட்டும் பட்டியல் இருக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை, அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள். முடிவு எப்படி வந்தாலும் இதே மேடையில் வந்து சொல்வாள்.

சுயம்புலிங்கம் அதைக் குறித்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே இறங்கியபோது சோணையம்மாளைக் காணவில்லை. கயல் மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தாள். அம்மா ஒவ்வொரு நாற்காலியாகப் போய் நோட்டீஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்தவற்றையும் விடவில்லை. முந்தானையில் பெரிய மூட்டை சேர்ந்திருந்தது. சகாயராணியும் கூடச் சேர்ந்து எதிர்ப்பக்கத்திலிருந்து பொறுக்கி வந்தாள்.

நாகராஜ் மாடிப்படியில் வந்து நின்றார். அது தன் சரக்கு, செலவு பண்ணி அச்சடித்தது என்றார்.

சோணையம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்று அவர் முன்னால் நேராக நின்றுகூடப் பேசாதவள்.

"படம் எம் மகளோடதுங்க அண்ணாச்சி. அது சொல்லாததப் பக்கத்துல எழுதி வச்சிருக்கீக. இதக் குடுக்கிறதுக்கு இல்ல."

மூட்டையை இறுக்கி முடிந்துகொண்டு, அவரைத் தாண்டிப் படியிறங்கினாள். கயல் பின்னாலேயே இறங்கினாள். ஏதோ ஒரு கல்யாண ஊர்வலத்தில் அம்மா முன்னால் நடந்து போவது போலத் தோன்றியது அவளுக்கு.

புறப்படும் நேரத்தில் நாகராஜ் வேன் பக்கம் வந்தார். சின்னக்கருப்பிடம் பேசினார். குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் சம்பந்தி என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை. வருகிற வியாழக்கிழமை கூடலூருக்கு வருவதாகச் சொன்னார். நிச்சயத்துக்கு நாள் குறிக்கவா, வைத்த தட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளவா என்று அன்றைக்கு வந்துதான் சொல்ல முடியும். கயல் அந்த நோட்டீஸை மறுத்துப் பேசியதை எழுத்தில் வாபஸ் வாங்கினால் பேச்சு சுலபமாக முடியும் என்றும் சொன்னார்.

"வாங்க. தாராளமா வாங்க. சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றார் சின்னக்கருப்பு. "எழுதிக் குடுக்கிறது நடக்காது. அத இங்கனயே சொல்லிர்றேன்."

நாகராஜ் தலையசைத்துவிட்டுத் தன் காரை நோக்கிப் போனார். விஜயபாண்டி போகவில்லை. வேனின் ஜன்னல் ஓரமாக வந்து நின்றான். உள்ளே கயல் உட்கார்ந்திருந்தாள். வேனில் இருந்த அத்தனை பேரும் வேறு பக்கம் பார்ப்பது மாதிரி காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அந்த உடைஞ்ச பாட்டிலுக்கு மாத்து கேட்டு ஆடியில போன் வந்தப்ப, எடுத்தது நான்தான். ரெண்டு நாள்னு சொன்னதும் நான்தான். சரக்கு வர மூணு வாரம் ஆகும்னு அன்னைக்கே தெரியும். தப்பு என் பக்கமும் இருக்கு" என்றான்.

கயல் அவனை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள்.

"அத உங்க அப்பாகிட்டச் சொன்னீங்களா?"

"இன்னைக்கு சொல்லப் போறேன்." கொஞ்சம் தயங்கினான். "அடுத்த ஆடியில எந்த எண்ணுல எந்த மருந்துன்னு பட்டியல் வச்சிக்கிற வெளியாளு ஒருத்தர் வேணும்னு சொன்னீங்க. மருந்து நிரப்பத் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது."

"அந்த ஆளு கடைசி நாள் வரைக்கும் எங்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது. ஆவணி முடியிற வரைக்கும். மருந்துக்கடைக்காரருக்கு அது சிரமம். விக்கிற மருந்து தோத்தாலும் பட்டியல மாத்தாம கொண்டாந்து குடுக்கணும். முடியுமா?"

தூரத்தில் காருக்குப் பக்கத்தில் நின்றபடி நாகராஜ் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். விஜயபாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சட்டென்று உதட்டை மூடிக்கொண்டான். முகம் மட்டும் லேசாக மலர்ந்தது.

வேன் கிளம்பியது. அவன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். காருக்குப் போகிறானா இல்லையா என்று பார்ப்பதற்குள் தெரு திரும்பிவிட்டது.

சின்னக்கருப்பு முன்சீட்டிலிருந்து தலையைத் திருப்பினார்.

"என்னாத்தா, பையன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள் கயல்.

அவளுக்கு அது பிடித்திருந்தது.